ஆடல்வல்லானை எங்கிருந்து பார்ப்பது?

சென்ற இதழில் ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, நடராசர் திருமேனியைத் தத்துவ விளக்கத்தோடு மட்டும் பார்ப்பவர் அதில் பாதியைத்தான் பார்க்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்துவிட்டன. சில வாசகர்களுக்குக் கோபம், சிலருக்கு ஐயம், சிலருக்கு ஆர்வம். ஆகவே இம்முறை எல்லாக் கேள்விகளும் ஆடவல்லானைப் பற்றியவையே.

கேள்வி: படைத்தல் முதலான ஐந்தொழிலையும் ஒரே உருவத்தில் காட்டுவதற்காகவே நடராசர் வடிவம் படைக்கப்பட்டது என்று பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். நீங்களோ அது பாதிதான் என்கிறீர்கள். மீதிப் பாதி எது?
(விருத்தாசலத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: நீங்கள் சொல்லித்தருவது தவறன்று. அதற்கு ஆதாரமான வெண்பா மனவாசகம் கடந்தார் இயற்றிய உண்மை விளக்கத்தில் இருக்கிறது.

தோற்றம் துடியதனில் தோயும் திதிஅமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் - ஊற்றமாய்
ஊன்று மலர்ப்பதத்தே உற்றதிரோ தம்முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு.

உடுக்கையில் தோற்றம், அமர்த்திய கையில் காத்தல், தீயில் ஒடுக்கம், ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் வீடுபேறு. ஓர் உருவத்தின் மீது கை வைத்து ஒவ்வோர் உறுப்பாகப் பொருள் சொல்லிக்கொண்டே போகிற இதைவிடத் தெளிவான பாட்டு நமக்குக் கிடைக்காது. ஆனால் இந்நூல் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சோழ அரசி செம்பியன் மாதேவியார் கோயில்களைக் கற்றளிகளாக எழுப்பி வந்த பத்தாம் நூற்றாண்டிலேயே, நாம் இன்று காணும் வடிவம் கல்லிலும் செம்பிலும் நிலைபெற்றுவிட்டது. இன்னும் பின்னே போனால், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சீயமங்கலம் குகைக்கோயிலின் தூண் ஒன்றில் சிவன் ஆடுவதைக் காணலாம். அது ஏழாம் நூற்றாண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னே போய் நிற்பது பாட்டு. கலித்தொகையின் கடவுள் வாழ்த்தில் கொடுகொட்டி, பண்டரங்கம், காபாலம் என்று மூன்று ஆடல்களை இறைவன் ஆடுகிறான். அங்கே புலவருக்கு இருக்கிற கவலை தத்துவம் பற்றியதே அன்று. நீ இப்படி ஆடினால் உனக்குச் சீரும் தூக்கும் பாணியும் யார் தருவார், உமையவள் தருவாளோ என்பதுதான் அவர் கேள்வி. தாளம் தப்பிவிடுமோ என்று பதறுகிற ஒரு ரசிகரின் கேள்வி அது.

ஆக, வரிசை இது: முதலில் பாட்டு, பிறகு சிற்பம், அதன் பிறகே தத்துவ விளக்கம். நமக்கோ மூன்றாவதாக வந்ததே முதலாவதாகச் சொல்லித்தரப்படுகிறது. இதற்குக் காரணமும் உண்டு. கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, நல்லசாமிப் பிள்ளை தொடங்கிய சித்தாந்த தீபிகை இதழில் 1912-இல் சிவனின் ஆடலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். உண்மை விளக்கம் உள்ளிட்ட தமிழ்ச் சைவ நூல்களை ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரை அது. 1918-இல் நூலாகவும் வந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. நம் வீட்டுப் பொருள் கடல் கடந்து போய், அண்டத்தின் நடனம் என்ற பெயரோடு நமக்கே திரும்பி வந்தது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் அணு இயற்பியல் ஆய்வகத்தின் வளாகத்தில் 2004-இல் இந்திய அரசின் அன்பளிப்பாக நிறுவப்பட்ட இரண்டு மீட்டர் உயர நடராசர் வரைக்கும் அந்தக் கட்டுரையின் கை நீண்டிருக்கிறது. குமாரசுவாமியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய வாசகர்கள் பலர் கட்டுரையைப் படித்த பின் உருவத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மீதிப் பாதி எது என்று கேட்டீர்கள். அப்பர் சொல்கிறார்:

குனித்த புருவமும் கொவ்வைச்செவ் வாயிற் குமிண்சிரிப்பும்
பனித்த சடையும் பவளம்போல் மேனியிற் பால்வெண்ணீறும்
இனித்தம் உடைய எடுத்தபொற் பாதமும் காணப்பெற்றால்
மனித்தப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே.

இதில் ஐந்தொழில் எங்கே இருக்கிறது? ஒரு புருவ வளைவு, உதட்டுக்குள்ளேயே நின்றுவிட்ட ஒரு சிரிப்பு, ஈரம் காயாத சடை. இவற்றைக் 'காணப்பெற்றால்' என்கிறார். பிறவாமையையே பெரும்பேறாகக் கேட்கும் மரபில் நின்று கொண்டு, இதைப் பார்ப்பதற்காகவென்றால் மனிதனாகப் பிறப்பதும் வேண்டத்தக்கதே என்று ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். வெண்பாவை அதற்கு அடுத்த நாள் நடத்தலாம்.

கேள்வி: காலடியில் கிடக்கும் முயலகன் அசுரனா, அறியாமையின் உருவமா?
(சேலம் வாசகி)

பதில்: புராணம் கேட்டால் அசுரன், சைவ சித்தாந்தம் கேட்டால் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம். 'மலம் சாய அமுக்கி' என்பது உண்மை விளக்கத்தின் சொல். ஆனால் அந்தப் பெயருக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் இருந்தது. முயலகன் என்பது வலிப்பு நோயின் பெயர். கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகன் நோயைச் சம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரிய புராணச் செய்தி. உடல் முறுக்கிக் கிடக்கும் அந்தக் குள்ள உருவத்தை இந்தப் பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். சில திருமேனிகளில் அவன் தலையைத் தூக்கி மேலே பார்ப்பான், முகத்தில் வலி இருக்காது.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் நடராசர் பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேய் என்கிறார் அர்ச்சகர், அம்மையார் என்கிறார் ஓதுவார். யார் சொல்வது சரி?
(மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டில் அவர் வரையும் சித்திரத்தைப் பாருங்கள்: 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று' என்று தொடங்கி, சிவந்த தலைமயிர், நீண்டு வெளியே வந்த இரண்டு பற்கள், பரடு உயர்ந்த நீண்ட கணைக்கால் என்று ஓர் உறுப்பையும் விடாமல் சொல்லிக்கொண்டு போகிறார். உங்கள் ஊர்ச் சிற்பி இந்தப் பாட்டை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அல்லது அறிந்த ஒருவரிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் சிற்பத்திலும் அம்மையார் இப்படியே ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தனித் திருமேனிகள் இன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்குச் சேக்கிழார் விடை தருகிறார். இறவாத இன்ப அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்பு உண்டானால் உன்னை மறவாமை வேண்டும் என்று அடுக்கிக் கேட்டுவிட்டு, 'இன்னும் வேண்டும்நான் மகிழ்ந்து பாடி, அறவாநீ ஆடும் போதுன் அடியின்கீழ் இருக்க' என்று கேட்கிறார் அம்மையார். முதல் மூன்றும் எல்லா அடியாரும் கேட்கக்கூடியவை. கடைசியாகக் கேட்டது இருக்கிறதே, அது ஒரு கலைஞர் கேட்கும் வரம். கச்சேரியில் முதல் வரிசையில் இடம் பிடித்துத் தருமாறு கேட்பதைப் போன்றது.

இத்தனைக்கும் ஆடலை அவர் எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார் என்பதற்கு அற்புதத் திருவந்தாதியில் ஒரு வெண்பா போதும்.

அடிபேரிற் பாதாளம் பேரும் அடிகள்
முடிபேரின் மாமுகடு பேரும் - கடகம்
மறிந்தாடு கைபேரில் வான்திசைகள் பேரும்
அறிந்தாடும் ஆற்றா தரங்கு.

அடி பெயர்ந்தால் பாதாளம் பெயர்கிறது, முடி பெயர்ந்தால் வானத்து முகடு பெயர்கிறது, கை வீசினால் திசைகள் பெயர்கின்றன. ஆகவே பார்த்து ஆடு, இந்த மேடை தாங்காது என்று இறைவனுக்கே எச்சரிக்கை செய்கிறார். 'பேரும்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்து விழுவதை வாய்விட்டுப் படித்தால்தான் உணர முடியும். அண்டத்தின் நடனம் என்று அறிஞர்கள் சொன்னது இதைத்தான் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அம்மையார் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, மேடை உடைந்துவிடுமே என்ற நடைமுறைக் கவலையாகச் சொல்கிறார்.

கேள்வி: ஒரு செப்புத் திருமேனியைப் போல இன்னொன்று இருக்காது என்கிறார்களே, ஒரே அச்சில் பலவற்றை வார்க்க முடியாதா?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: முடியாது. அச்சு ஒருமுறைதான் பயன்படும், திருமேனியை வெளியே எடுப்பதே அதை உடைத்துத்தான். சில ஆண்டுகளுக்கு முன் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிய கலவை, கைச்சூட்டில் இளகியும் தண்ணீரில் நனைத்தால் இறுகியும் ஸ்தபதியின் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது. அளவு பார்க்க அவர் கையில் வைத்திருந்தது அளவுகோல் அன்று, மடித்து மடித்துக் கணுக் கண்ட ஒரு தென்னை ஓலைக் கீற்று. உருவத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி அதை மடித்துக்கொண்டால் முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எவ்வளவு என்பதெல்லாம் அந்த மடிப்புகளிலேயே வந்துவிடுகின்றன. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரம் முழுவதையும் 124 பங்காக்கும் கணக்கு.

மெழுகு உருவம் முடிந்ததும் அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அந்த மண் அவ்வளவு நைசானது என்பதால்தான் நகத்தின் கோடு வரைக்கும் அதில் பதிகிறது. அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சுகள், இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வறட்டித் தீயில் காய்ச்சினால் மெழுகு உருகி வெளியேறிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். எடுத்த மெழுகின் எடையைப் போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். ஐம்பொன் என்று சொன்னாலும் பெரும்பகுதி செம்புதான். ஊற்றும்போது அங்கே யாரும் பேசவில்லை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் பல வார உழைப்பு போய்விடும் என்பதால், சின்னப் பையன்கள் உட்பட எல்லாரும் குழம்பு இறங்கும் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோழர் காலத்துத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே கூடு இல்லாமல் வார்க்கப்பட்டவை. தஞ்சைக் கல்வெட்டுகள் 'கனமாக'ச் செய்ததையும் உள்ளே வெற்றிடம் விட்டுப் 'பொள்ளலாக'ச் செய்ததையும் பிரித்தே பதிந்திருக்கின்றன. திருவடி முதல் திருமுடி வரை எத்தனை முழம், எத்தனை விரல் என்று உயரத்தைக் கூட எழுதி வைத்தார்கள். எடை போடும் கல்லுக்கே ஆடவல்லான் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது கூடுதல் செய்தி.

கேள்வி: அருங்காட்சியகத்தில் சாமி சிலையைக் கண்ணாடிக்குள் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. கோயிலில்தானே அது இருக்க வேண்டும்?
(நாகர்கோவில் வாசகி)

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. இந்தத் திருமேனிகள் ஓரிடத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பீடத்தைக் கவனித்தால் கழி செருகுவதற்கான வளையங்களோ துளைகளோ தெரியும். மார்கழித் திருவாதிரையன்றும் ஆனித் திருமஞ்சனத்தன்றும் தோளில் ஏறி வீதிக்கு வருவதற்காகவே அவை வார்க்கப்பட்டன. தீவட்டி வெளிச்சம் ஆடும்போதும் சீர்பாதம் தாங்குவோரின் நடை குலுங்கும்போதும் உலோகமே ஆடுவது போலத் தோன்றுவதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காண முடியாது.

ஆனால் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், அப்போது நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? பட்டும் மாலையும் கவசமும் போக ஒரு முகமும் ஒரு பாதமும் தெரிந்திருக்கும். பல நூறு ஆண்டு அபிடேகத்தில் அந்த முகமும் தேய்ந்து, மூக்கும் உதடும் வழவழப்பாகிப் போயிருக்கும். சிற்பி செய்து முடித்த உடலைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரிடம்தான் முழுவதுமாகப் பார்க்க முடிகிறது. அதற்குத் திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. எரிகின்ற வட்டம் நீங்கிய பிறகு கண்ணுக்கு மிச்சமாவது உடலின் சமநிலை ஒன்றுதான். வலக்கால் சற்றே மடங்கி முழு எடையையும் வாங்குகிறது, இடக்கால் குறுக்கே எழுகிறது, வீசிய கை அந்தக் காலையே சுட்டுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இந்தத் திருமேனியின் புகைப்படங்களை மட்டுமே பார்த்துவிட்டு 1913-இல் அதைப் பற்றி உருகி எழுதினார். உண்மை விளக்கத்தின் ஒரு வரியும் அவருக்குத் தெரியாது.

அங்கே போனால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் காதுகளைப் பாருங்கள். பொதுவாக இத்திருமேனிகளின் வலக்காதில் ஆண்கள் அணியும் குழையும் இடக்காதில் பெண்கள் அணியும் தோடும் இருக்கும். சம்பந்தர் சீகாழியில் பாடிய முதல் பாட்டின் முதல் சொல்லே 'தோடுடைய செவியன்' என்பதுதான். மாணிக்கவாசகரும் 'தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்' என்று இரு பாதியையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பாட்டில் இருந்தது உலோகத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று, கட்டைவிரல் அளவுச் சான்று, வேறு இல்லை. அடுத்து, பின்புறம் போய்ப் பாருங்கள். முதுகுத்தண்டின் பள்ளம், அரையில் சுற்றிய துணியின் முடிச்சு எல்லாம் முன்புறத்துக்குக் குறையாத கவனத்தோடு செய்யப்பட்டிருக்கும். கோயிலில் அதை அபிடேகம் செய்யும் அர்ச்சகரைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அந்தச் சிற்பிக்கு நன்றாகத் தெரியும்.

கோயிலிலும் பார்க்க வேண்டும், அருங்காட்சியகத்திலும் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. திருடிக் கொண்டுபோய் வைத்த இடத்தில் பார்ப்பது வேறு கதை. சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட நடராசரைச் செப்பனிடக் கொடுத்தபோது, கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல் 1973-இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனின் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, வழக்குக்குப் பின் 1986-இல் நாடு திரும்பியது. இடையில் ஊரார் நகலுக்குத்தான் கற்பூரம் காட்டி வந்தார்கள். அந்த வழிபாடு வீணா என்று யாராவது கேட்டால், சைவரிடம் ஒரு பதிலும் கலை வரலாற்றாசிரியரிடம் வேறொரு பதிலும் கிடைக்கும். நான் இந்த விஷயத்தில் சைவர் பக்கம்.

கேள்வி: மதுரையில் மட்டும் ஏன் வலது கால் தூக்கியிருக்கிறது?
(வாசகர், தேனி)

பதில்: ஒரே காலில் நின்று ஆடினால் வலிக்குமே என்று கவலைப்பட்ட ராசசேகர பாண்டியனுக்காகக் கால் மாறி ஆடியதாகத் திருவிளையாடல் கூறுகிறது. பரதம் கற்கத் தொடங்கிய பாண்டியனுக்கு உடம்பு வலித்தபோதுதான் அந்த எண்ணமே வந்ததாம். கலித்தொகைப் புலவருக்குத் தாளத்தைப் பற்றிக் கவலை, அம்மையாருக்கு மேடையைப் பற்றிக் கவலை, பாண்டியனுக்கு முழங்காலைப் பற்றிக் கவலை.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குள் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களும் சிற்பமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பார்க்க இயலுமா?
(புதுச்சேரியிலிருந்து ஒரு நடன ஆசிரியை)

பதில்: கரணங்கள், அதாவது கையும் காலும் இணைந்த ஆடல் அசைவுகள், கருவறைக்கு மேல்தளத்துச் சுற்றில் இருக்கின்றன. ஆனால் அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, உரியவர்களிடம் விண்ணப்பித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். அவற்றுள் தில்லைக் கூத்தனை மன்னர் குடும்பம் வழிபடும் காட்சியும் ஒன்று.

கரணங்களைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அங்கே 108 இல்லை. முழுத் தொகுதியைக் காண வேண்டுமானால் நீங்கள் சிதம்பரம் கோபுர வாயில்களுக்குப் போகலாம், அங்கே ஆடுபவர் பெண். தஞ்சையில் ஆடுபவர் நான்கு கைகளோடு சிவபெருமானே. வரிசையாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எண்பத்தொன்றாவதைத் தாண்டினால் அதே அளவில் 27 கற்கள் சுவரில் பதிக்கப்பட்டு, உளி படாமல் வெறுமையாக நிற்கின்றன.